அடுத்த மாதப் பலகை

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை
ஈரத்துணியால் பலகையைத் துடைப்பேன்.
போன மாதம் முழுசாகப் போய்விடாது.
ஓவியப் போட்டியின் ஓகாரம் மட்டும்
எப்படியோ தங்கிவிடும்.
அதன் மேலேயே எழுதுவேன்:
வரவிருப்பவை.

கையெழுத்து நன்றாயிருக்கிறதாம்.
டிக்கெட் கிழிக்க வந்தவளுக்கு
இந்த வேலையும் சேர்ந்தது.
சம்பளம் அதே.

தேதி மூன்று, ஞாயிறு, காலை பத்து மணி.
பாலாற்று மணலில் சிற்பம், சிறுவர்களுக்கு.
(பாலாற்றில் ஏது மணல்.
சத்துவாச்சாரியில் வீடு கட்டுகிறவரிடம்
ஏகாம்பரம் இரண்டு மூட்டை சொல்லி வைத்திருக்கிறார்.
எம்-சாண்ட்.
அதைப் பலகையில் எழுத முடியாது.)

தேதி ஒன்பது. தோல்.
ராணிப்பேட்டைப் பெண்கள் பதினொரு பேர்
ஷூவுக்குப் போக மிஞ்சிய துண்டுகளைக் கோத்துத் தைத்த படுதா,
வடக்குச் சுவர் முழுக்க.
நாறுமே என்றார் மாநகராட்சி இன்ஜினீயர்.
நாறட்டும் என்றார் நஸீமா மேடம்,
கண்ணை மட்டும் கூட்டிக்கொண்டா வருகிறார்கள்?

தேதி பதினாறு.
இங்கே சாக்பீஸ் நின்றுவிட்டது.

மே மாதம். நூற்றியெட்டு டிகிரி என்று
பேப்பரில் போட்ட நாள்.
ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியாயிற்று,
லாட்ஜில் சோறு வடித்தாயிற்று,
நடுவில் கிடக்கும் மூன்று மணி நேரத்தை
எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாதவர்கள்
இங்கே கொண்டுவந்து வைப்பார்கள்.
பத்து ரூபாய்க்கு நான்கு மின்விசிறி.

அப்படி வந்தவர்தான் நிதாய் மண்டல்.
முர்ஷிதாபாத் பக்கம்.
அவருக்குத் தமிழில் மூன்று வார்த்தை:
தண்ணி, எவ்ளோ, நாளைக்கு.
சுவரில் இருந்த படங்களை ஒருநாள்கூட அவர் பார்க்கவில்லை.
அகழிப் பக்கத்து ஜன்னலடியில் உட்கார்ந்து
பில்லுகளின் முதுகில்
பால்பாயின்ட் பேனாவால் வரைவார்.

வரிசையில் தமக்கு இடம் பிடித்து நிற்கும் செருப்புகள்.
ஒரே பிளக்கில் மூன்று செல்போன்.
தூங்கிப்போனவர் மடியில் தூங்காத எக்ஸ்ரே உறை.
டிக்கெட் நீட்டும் ஒரு கை,
மோதிர விரலில் பிளாஸ்திரி.
என் கைதான். அன்று அரிவாள்மணை.

நாற்பத்தியொரு படம்.
மருந்துக்கடைப் பையில் போட்டு
கவுன்ட்டரில் வைத்துவிட்டுக்
காட்பாடிக்கு ஆட்டோ பிடித்தார்.
அம்மாவுக்கு எப்படியிருக்கு என்றேன்.
நாளைக்கு என்றார்.
மூன்றில் அதுதான் கைக்குக் கிடைத்ததோ,
இல்லை, நிஜமாகவே அதுதான் பதிலோ.

முகவரி பார்த்து மேடம் கடிதம் போட்டார்.
"மாட்டுங்கள்" என்று ஒற்றை வரி வந்தது,
யாரோ பள்ளிப் பிள்ளையின் ஆங்கிலத்தில்.
வேறெதுவும் அதில் இல்லை.

இரண்டு பக்கமும் கண்ணாடி போடலாம் என்றார் மேடம்.
பின்னால் இருப்பதும் தெரியட்டும்,
அதுவும் படத்தில் பாதிதானே.
பின்னால் இருப்பது:
ஷேஃபாலி மண்டல், நாற்பத்தியாறு,
வார்டு, நோயின் பெயர், கட்டிய தொகை, கட்ட வேண்டிய தொகை.

வேண்டாம் மேடம் என்றேன்.
எட்டு வருஷத்தில் அந்த அறைக்குள்
நான் சொன்ன முதல் வேண்டாம்.
அவர் நமக்குக் கொடுத்தது ஒரு பக்கம்.

மேடம் பேசவில்லை.
ஒரு பில்லைத் திருப்பினார்,
மறுபடி திருப்பினார்.
ஃபிரேம்காரருக்கு ஃபோன் போட்டு
பின்னால் அட்டை என்றார்,
கொஞ்சம் கோபமாகத்தான்.

சாக்பீஸை ஈரம் தொட்டு எழுதுகிறேன்:
தேதி பதினாறு. பில்லின் முதுகு.
வரைந்தவர் நிதாய் மண்டல்.
ஆஸ்பத்திரி டோக்கன் காட்டினால் கட்டணமில்லை.
ஜன்னலடியில் மேசையும் பேனாவும் இருக்கும்.
காகிதம் உங்களிடமே இருக்கும்.

கடைசி வரியை வேண்டாமென்று
ஏகாம்பரம் தலையாட்டுகிறார்.
அழிக்கவில்லை.
இதையே வங்காளத்தில் எழுதித்தர
லாட்ஜ் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டிருக்கிறான்,
ஒரு டீக்கும் ஒரு சமோசாவுக்கும்.

பலகையில் இன்னும் நான்கு விரல் இடம்.

தேதி இருபத்துமூன்று.
கழிவறைப் பராமரிப்பு.
அன்று கலைக்கூடம் திறக்கப்படாது.